ஓமானில் ஃபலஜ் பார்க்கப் போகிறீர்களா? கடைமடையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள்

மஸ்கட்டுக்கு என்னைப் பார்க்க யார் வந்தாலும் அவர்கள் விடுமுறையில் ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். பெரிய மசூதி, மத்ரா கடைத்தெரு, கடற்கரை எல்லாம் அவர்கள் இஷ்டம். அந்த ஒரு நாள் மட்டும் ஃபலஜ் பார்க்கப் போவோம். ஃபலஜ் என்பது ஊருக்கும் தோட்டங்களுக்கும் தண்ணீரைத் தானாக ஓடி வரச்செய்யும் ஓமானின் பழைய கால்வாய்; பலவற்றில் ஒரு பகுதி பூமிக்கு அடியில் போகும். ரூவியில் கணக்கு வேலை பார்க்கிறேன், வந்து பதினோரு வருடம் ஆகிறது. சித்தி குடும்பம், தோழிகள், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்று இருபது தடவைக்குக் குறையாமல் ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவை தப்பான நேரத்தில் போய், தப்பான முனையிலிருந்து பார்த்துவிட்டு, "வாய்க்கால்தானே" என்று திரும்பி வந்தோம். அந்தத் தப்பு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தடிக் கால்வாய் என்றதும் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுரங்கத்துக்குள் நடக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. ஃபலஜுக்குள் நாம் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. அது இன்றும் ஊருக்குத் தண்ணீர் தரும் வழி. சுரங்கத்துக்குள் போவது அதைத் தூர்வாரப் பழகியவர்களின் வேலை. நாம் பார்க்கப் போவது தண்ணீர் வெளிச்சத்துக்கு வரும் இடத்தையும், அதன் பிறகு அது ஊருக்குள் நடந்து போகும் விதத்தையும்தான். அதைப் பார்க்கவே ஒரு நாள் போதாது.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் தேங்கியிருக்கும் இடமாகப் பார்த்து ஒரு கிணறு வெட்டுகிறார்கள். அதற்கு உம்முல் ஃபலஜ் என்று பெயர், ஃபலஜின் தாய். அந்தக் கிணற்றின் அடியிலிருந்து ஊரை நோக்கி ஒரு சுரங்கம் போகிறது. இதன் சூட்சுமம் முழுக்கச் சரிவில் இருக்கிறது. மேலே தரை எவ்வளவு சரிகிறதோ அதைவிடக் குறைவாகத்தான் சுரங்கம் சரியும். அதனால் போகப் போகத் தரையே இறங்கி வந்து சுரங்கத்தைத் தொட்டுவிடும். அந்த இடத்தில் தண்ணீர் தானாக வெளியே வரும். ஏற்றமோ, மாடு பூட்டி இறைக்கும் கவலையோ, மோட்டாரோ தேவையில்லை. சரிவு கூடினால் ஓடுகிற தண்ணீர் சுரங்கத்தை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். வழி நெடுக மேலிருந்து செங்குத்தாகக் குழிகள் இறக்கியிருப்பார்கள். வெட்டும்போது மண்ணை ஏற்றவும், உள்ளே இருப்பவருக்குக் காற்று வரவும், பின்னாளில் தூர்வாரவும் அந்தக் குழிகள்தான் வழி. அவாமிர் என்ற பழங்குடியினர் இந்த வேலைக்குப் பேர் போனவர்கள். கையில் குந்தாலி மாதிரி ஒரு கருவியோடு இருட்டில் குனிந்து குனிந்து, கண்மதிப்பில் இந்தச் சரிவைப் பிடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

இப்படிச் சுரங்கமாக வருவதற்கு தாவூதி ஃபலஜ் என்று பெயர். சுலைமான் நபி இந்தப் பக்கம் பறந்து வந்தபோது நிலம் வறண்டு கிடந்ததைப் பார்த்து, ஜின்களை ஏவிப் பத்து நாளில் பத்தாயிரம் ஃபலஜ் வெட்டச் சொன்னார் என்று இங்கே கதை சொல்வார்கள். அவர் தாவூதின் மகன், அதனால் அந்தப் பெயர். இன்னும் இரண்டு வகை உண்டு. ஊற்றிலிருந்து வருவது அய்னி. வாதியின் (மழைக்கு மட்டும் ஓடும் காட்டாறு) மேல்மட்டத்துத் தண்ணீரைப் பிடித்து வருவது கைலி. உடுத்தும் கைலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1990களின் கடைசியில் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது 4,112 ஃபலஜ்கள் இருந்தன, அவற்றில் 3,017 உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. தாவூதி வகை இவற்றில் கால்வாசிதான். 2006இல் ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாகச் சேர்த்தது: நிஸ்வாவில் தாரிஸ், பிர்கத் அல் மௌஸில் கத்மைன், இஸ்கியில் மல்கி, ருஸ்தாக்கில் முயஸ்ஸர், சூர் பக்கம் ஜீலா. இந்தப் பகுதியில் 4,500 வருடங்களுக்கு முன்பே பாசன அமைப்புகள் இருந்ததற்குத் தொல்லியல் சான்றுகள் கிடைத்திருக்கின்றன.

ஐந்தையும் ஓட்டமாக ஓடிப் பார்க்க வேண்டாம். முயஸ்ஸர் மலைக்கு அந்தப் பக்கம், ஜீலா வெகுதூரம். முதல் தடவைக்குக் கத்மைனும் தாரிஸும் போதும். இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன. முடிந்தால் முன்கூட்டியே பழைய மஸ்கட்டில் அரண்மனைக்கு எதிரே இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அங்கே ஃபலஜுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை அங்கே பார்த்துவிட்டுப் போனால் ஃபலஜில் கண்ணுக்கு நிறையத் தட்டுப்படும்.

எப்போது, எப்படிப் போவது

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். நான் முதலில் போனது ஜூன் மாதம், மதியம் பன்னிரண்டு மணி. கூட வந்த தோழிக்கு மயக்கம் வந்து, ஒரு தோட்டச் சுவரோரம் ஒருமணி நேரம் உட்கார வைத்து, ஈரத் துணியால் தலையைத் துடைத்து, அப்படியே திரும்பினோம். வெயில் காலத்தில் வந்தே தீர வேண்டும் என்றால் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

இங்கே வாரவிடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை விடிகாலையில் நிஸ்வாவில் ஆட்டுச் சந்தை கூடும். அதையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் வெள்ளி போகலாம், ஆனால் கூட்டம் இருக்கும், மதியத் தொழுகைக்குக் கடைகளெல்லாம் மூடிவிடும். ஃபலஜ் மட்டும் பார்ப்பதாக இருந்தால் என் ஓட்டு சனிக்கிழமைக்கு.

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா 160 கி.மீ. சொச்சம், நல்ல சாலை. பிர்கத் அல் மௌஸ் நிஸ்வாவுக்கு 20 கி.மீ.க்கும் கொஞ்சம் அதிகமான தூரத்தில் முன்னாலேயே வந்துவிடும். சாதாரணக் கார் போதும். அங்கிருந்து ஜபல் அக்தர் மலைக்கு ஏறுவதற்குத்தான் நான்கு சக்கர இழுவை (4WD) வண்டி கட்டாயம், வழியிலேயே காவலர்கள் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார் ஓட்டாதவர்கள் நிஸ்வா பஸ்ஸில் போய், அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். கிளம்பும் முன் வானிலையைப் பாருங்கள். மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்தாலும் வாதியில் வெள்ளம் வரும். ஓடும் வாதிக்குள் காரை இறக்குவது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம்.

எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். ஈரத்தில் வழுக்காத செருப்பு, ஒரு துண்டு, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர். ஃபலஜ் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனாலும் வெளியூர் வயிற்றுக்கு வேண்டாம். ஆணோ பெண்ணோ தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நடக்கப்போவது ஒரு ஊரின் கொல்லைப்புறத்தில்.

கடைமடையில் ஆரம்பியுங்கள்

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தாரிஸ் பூங்காவுக்குப் போய், படிக்கட்டில் உட்கார்ந்து காலை நனைத்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தலைமடையை மட்டும் பார்த்தால் எல்லா வாய்க்காலும் ஒன்றுபோலத்தான் தெரியும். தண்ணீர் ஏராளமாக இருக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் நியாயமாக இருக்கலாம். வாய்க்கால் முடியும் இடத்தில் கடைசித் தோட்டத்துக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது, எப்போது சேருகிறது, யார் பார்த்து விடுகிறார்கள் என்பதில்தான் ஃபலஜ் இருக்கிறது. அதனால் பிர்கத் அல் மௌஸில் தோட்டங்களின் கீழ்க்கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு மேல்நோக்கி நடங்கள்.

ஊரின் பெயரே நம் ஆட்களுக்குப் பிடித்துவிடும். மௌஸ் என்றால் வாழை, பிர்கத் என்றால் குளம். வாழைக்குளம்! பேரீச்சை நிழலில் வாழையும் எலுமிச்சையும் நிற்கும். கீழே கடைசிப் பகுதியில் பேரீச்சை குறைந்து, திறந்த வயல்களாக இருக்கும். அங்கே குதிரைமசால் போன்ற தீவனமும் காய்கறியும் போடுவார்கள். இந்த அமைப்பில் ஒரு யோசனை இருக்கிறது. பேரீச்சை வருடக்கணக்கில் வளர்ந்த மரம், ஒரு வருடம் தண்ணீர் தப்பினாலும் இழப்பு பெரிது. அதனால் அது தண்ணீருக்கு அருகில், மேலே. பருவப் பயிர் கீழே. தண்ணீர் குறைந்த வருடத்தில் அந்த வயலைச் சும்மா போட்டுவிடுவார்கள், மரம் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் போகிற நாளில் கடைசி வயல்கள் பச்சையாக இருந்தால் அந்த வருடம் ஃபலஜ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காய்ந்து கிடந்தால் மேலே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஊருக்குள் யாரிடமும் கேட்காமலே இதைப் படித்துக்கொள்ளலாம்.

மேலே வரவர வாய்க்கால் ஓரமாகவே நடைபாதை வரும். கிளை வாய்க்கால்களின் வாயைக் கவனியுங்கள். ஒரு கல், அதைச் சுற்றி ஒரு பழந்துணி, அவ்வளவுதான் மடை. துணியை உருவினால் தண்ணீர் தோட்டத்துக்குள் திரும்பும், அடைத்தால் நேரே போகும். இதைத் தொடாதீர்கள். பிள்ளைகள் கூட வந்தால் முதலிலேயே சொல்லிவையுங்கள். நம் கண்ணுக்கு அது கிழிந்த துணி, ஆனால் அதை இழுத்துவிட்டால் யாரோ ஒருவருடைய அரைமணி நேரம் வேறொருவர் தோட்டத்துக்குப் போய்விடும்.

அரைமணி நேரத்தின் கணக்கு

கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் எனக்கு ஃபலஜில் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே தண்ணீரை அளப்பது குடத்திலோ கன அடியிலோ அல்ல, நேரத்தில். ஒரு பங்குக்கு அதர் என்று பெயர், ஏறக்குறைய அரைமணி நேரம். ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 48 அதர். ஒரு அதருக்குள் 24 கியாஸ். போட்டுப் பாருங்கள், ஒரு கியாஸ் என்பது 75 நொடி. எல்லாப் பங்குதாரரும் ஒரு சுற்று முடித்து முதல் ஆளிடம் முறை திரும்பி வர எத்தனை நாள் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஏழு நாள் சுற்று என்று வைத்தால் 336 அதர். இந்த 336இல்தான் ஒரு ஊரே வாழ வேண்டும்.

நிலமும் தண்ணீரும் தனித்தனிச் சொத்து என்பது இன்னும் சுவாரசியம். நிலம் இல்லாதவரிடம் தண்ணீர் இருக்கலாம், அவர் அதைக் குத்தகைக்கு விடலாம். அப்பா இறந்தால் பிள்ளைகளுக்குப் பங்கு பிரியும். அப்படிப் பிரிந்து பிரிந்து கால் அதர் வைத்திருப்பவர்கள் உண்டு. மசூதிக்கென்று எழுதி வைத்த பங்குகள் உண்டு. ஃபலஜுக்கென்றே சொந்தமாகவும் பங்குகள் இருக்கும். அவற்றை ஏலம் விட்டு, வரும் பணத்தில் தூர்வாருவார்கள், இடிந்த இடத்தைக் கட்டுவார்கள். தன் பராமரிப்புச் செலவைத் தானே சம்பாதிக்கும் ஒரு வாய்க்காலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நடத்துபவருக்கு வகீல் என்று பெயர். அவருக்குக் கீழே அரீஃப், வேலைகளை நேரில் பார்ப்பவர். பெரிய ஃபலஜ் என்றால் பூமிக்கு அடியில் நடக்கும் வேலைக்கு ஒருவர், மேலே தண்ணீர் பிரிப்பதற்கு ஒருவர் என்று இருவர் இருப்பார்கள். கணக்கு எழுத, பணம் வைத்துக்கொள்ள ஒருவர். பகலில் நேரத்தை அளக்கத் திறந்த வெளியில் ஒரு கம்பம் நட்டு, அதன் நிழல் எந்தக் கல்லைத் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். இரவில் நட்சத்திரங்கள். இன்ன நட்சத்திரம் எழும்போது இன்னாருடைய முறை முடிந்தது என்று கணக்கு. இப்போது பெரும்பாலான ஊர்களில் கைக்கடிகாரமும் கைபேசியும் வந்துவிட்டன. நிழல் கம்பம் கண்ணில் பட்டால் விடாதீர்கள், சூரியன் இருக்கும்போது பத்து நிமிடம் அங்கேயே நின்று நிழல் நகர்வதைப் பாருங்கள்.

அப்பா வந்தபோது

எங்கள் ஊர் காஞ்சிபுரம் பக்கம், செய்யாற்றங்கரை. தாத்தா கம்புகட்டி. மற்ற ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், எங்கள் பக்கம் கம்புகட்டி. ஏரித் தண்ணீரும் ஊற்றுக்கால் தண்ணீரும் வயல்களுக்கு முறை வைத்து விடுவது அவர் வேலை. ஊற்றுக்கால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மணலுக்கு அடியில் ஓட்டம் இருக்கும். மணலைக் கீறிக் கால் வெட்டினால் அந்த ஊற்று கசிந்து சேர்ந்து வாய்க்காலாக ஓடி வயலுக்கு வரும். பாலாறு, செய்யாறு இரண்டிலும் இப்படி நிறைய இருந்தன. நான் பார்த்தபோது எங்கள் ஊற்றுக்காலில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. நான் பள்ளி முடிப்பதற்குள் ஆற்றில் மணல் போய், ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கி, கால் வறண்டுவிட்டது. இப்போது அந்த இடத்தில் சீமைக்கருவேலம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா இரண்டு மாதம் வந்து இருந்தார். கட்டடங்கள் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. கத்மைனுக்குக் கூட்டிப் போனேன். கீழிருந்து மேலே நடந்து வரும் வழியில், தாய் வாய்க்கால் மூன்றாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. மூன்றிலும் சரிசமமாகத் தண்ணீர் போகும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைச் சாவகாசமாகப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அப்பாவிடம் நான் எதுவுமே சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். ஒரு காய்ந்த ஓலைத் துணுக்கைக் கிள்ளி மேலே போட்டார். அது ஒரு கிளையில் போனது. இன்னொன்று போட்டார். பத்துப் பதினைந்து துணுக்குகள் போட்டிருப்பார்.

"மட்டம் பாத்துக் கட்டியிருக்கான்மா. மூணு வாயும் ஒரே மட்டம். ஒரு நூல் ஏறியிருந்தாலும் ஊருல தகராறு வந்துருக்கும்" என்றார்.

அப்போது தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், வெள்ளை திஷ்தாஷா (நீள அங்கி), கையில் சின்ன மண்வெட்டி. நான் சலாம் சொல்லி, எனக்குத் தெரிந்த உடைந்த அரபியில், இவர் என் அப்பா, இவருடைய அப்பா எங்கள் ஊரில் அரீஃப் என்றேன். அவர் முகம் மாறியதை மறக்க முடியாது. அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், துணி அடைத்த மடை ஒன்றைக் காட்டினார். அப்பா தமிழில் கேட்டார், அவர் அரபியில் சொன்னார். நான் நடுவில் மொழிபெயர்க்கப் பார்த்தேன், பாதிக்குமேல் அவர்களுக்கே நான் தேவைப்படவில்லை. கடைசியில் பாய் விரித்து பேரீச்சம்பழமும் கஹ்வாவும் (அரபுக் காபி) வந்தன. நீங்களும் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். வலது கையால் வாங்குங்கள், போதும் என்றால் சின்னக் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தால் அவர்களுக்குப் புரியும்.

ஊருக்குள் நடந்துகொள்ளும் விதம்

தண்ணீர் வெளியே வரும் முதல் திறப்புக்கு ஷரீஆ என்று பெயர். குடிக்க எடுக்கும் தண்ணீர் அங்கேதான். அதற்குக் கீழே மசூதிக்கு, அதற்கும் கீழே ஆண்கள் குளிக்க, பெண்கள் குளிக்க, துவைக்க என்று வரிசை இறங்கும். இறந்தவர்களைக் குளிப்பாட்டும் இடமும் சில ஊர்களில் தனியாக உண்டு. அதன் பிறகே தோட்டம். இந்த வரிசை தெரியாமல் மேலே போய்க் காலை விடுவது பெரிய மரியாதைக் குறைவு. காலை நனைக்க ஆசையாக இருந்தால் பிள்ளைகள் இறங்கி விளையாடும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம். கருப்பாகச் சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும், பயப்பட வேண்டாம். கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

பெண்கள் குளிக்கும் இடத்துக்குச் சுவர் கட்டி மறைப்பு வைத்திருப்பார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, சத்தம் கேட்டால் சுற்றிப் போய்விடுங்கள். பெண்கள் உள்ளே யாரும் இல்லையென்று தெரிந்தால் பார்க்கலாம், கைபேசி பையிலேயே இருக்கட்டும். ஆட்களைப் படம் எடுக்கும் முன் "மும்கின் சூரா?" என்று கேளுங்கள். தோட்டத்து வாசற்கதவு எப்படி இருந்ததோ அப்படியே சாத்திவிட்டு வாருங்கள். கீழே விழுந்த பேரீச்சம்பழம்கூட ஒருவருடையது. வழி தெரியவில்லையென்றால் "வேன் அல் ஃபலஜ்?" போதும். தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களில் வங்கதேசத்துக்காரர்கள் நிறைய, இந்தி பேசினால் வேலை ஆகும்.

பாதை மேலே ஏறி பைத் அல் ருதைதா கோட்டைப் பக்கம் வந்து சேரும். கோட்டையை ஒட்டியே ஃபலஜ் ஓடுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி, யஅரூபி வம்சத்து இமாம் ஸைஃப் பின் சுல்தான் காலத்தில் உருவானது இந்தக் கோட்டை. தோட்டத்துக்கு மேலே சரிவில் இடிந்து நிற்கும் மண் வீடுகளின் பகுதியையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். அங்கிருந்து கீழே பார்த்தால் பச்சை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கோடு போட்டது மாதிரி தெரியும். தண்ணீர் போகும் எல்லைதான் அந்தக் கோடு. சுவர்கள் பலவீனம், உள்ளே ஏறாதீர்கள்.

மதியம் நிஸ்வா. சாப்பாடு, பழைய கடைத்தெரு, கோட்டை. இதற்கெல்லாம் வழிகாட்டிகள் நிறைய இருப்பதால் நான் சொல்லப்போவதில்லை. வெயில் தாழ்ந்ததும் தாரிஸுக்குப் போங்கள். ஓமானிலேயே பெரிய ஃபலஜ் இதுதான். இரண்டு பெரிய கிளைகள் சேர்ந்து வருகின்றன. ஒரு கிளையின் நீளம் 1,700 மீட்டர், தாய்க்கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 17 மீட்டர். காலையில் கடைமடையைப் பார்த்துவிட்டு இங்கே வந்து, படிக்கட்டுக்குக் கீழே அகலமாக ஓடும் தண்ணீரைப் பார்த்தால் அதன் வேகமே வேறு மாதிரி தெரியும். இது எத்தனை துணி மடைகளைத் தாண்டிப் போக வேண்டும் என்று மனதில் ஓடும். விடுமுறை நாள் மாலையில் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். அவர்கள் சாப்பிட்ட குப்பையை மூட்டை கட்டி எடுத்துப் போகிறார்களா என்று நான் கவனிப்பேன். பெரும்பாலோர் எடுத்துப் போகிறார்கள். நீங்களும் எடுத்து வந்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் தாய்க்கிணற்றின் பக்கம்

குழிகளின் வரிசையைப் பார்க்காமல் வந்தால் பாதிதான் பார்த்ததாகும். ஊருக்கு மேலே, வாதியின் பக்கம், சரளைக்கல் நிலத்தில் சின்னச் சின்ன மேடுகள் ஒரே நேர்கோட்டில் போகும். எறும்புப் புற்று வரிசை மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு குழியின் வாய். சிலவற்றுக்குப் பலகையோ சிமெண்டு மூடியோ இருக்கும், பல சும்மா திறந்து கிடக்கும். விளிம்பு மண் உதிரும், பக்கத்தில் போய் எட்டிப் பார்க்காதீர்கள். கல்லைப் போட்டு ஆழம் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, இங்கே வேண்டாம், கீழே ஓடுவது குடிக்கும் தண்ணீர். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டியபிறகு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தாய்க்கிணற்றைச் சுற்றி 3.5 கி.மீ.க்குள் புதுக் கிணறு தோண்டக் கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. பெட்ரோல் பணம் வந்து டீசல் மோட்டார்கள் பெருகிய காலத்தில் எத்தனையோ ஃபலஜ்கள் வற்றின, அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை. சிமெண்டு மூடி போட்ட ஒரு குழியின் பக்கத்தில் போய் நின்றார். மூடி கெட்டியானது என்று நான் தட்டிப் பார்த்த பிறகு மண்டியிட்டு, துண்டை விரித்து, மூடியில் காதை வைத்தார்.

"கேக்குதாப்பா?"

"இரும்மா" என்று கையைக் காட்டினார். நானும் மறுபக்கம் மண்டியிட்டேன்.